வள்ளுவர் தெரு குழு: பட்டி (சுவர் ஓட்டை, பள்ளம் அடைக்கிற கலவை) இழுக்கிற பிளேடு

சுதா [காலை 9:12]
ஹால் சுவத்துல பழைய ஆணி ஓட்டை பத்துப் பன்னெண்டு இருக்கு. பொங்கலுக்கு முன்னாடி அடைச்சு டச்சப் பண்ணணும். பட்டி வச்சு இழுத்தா கோடு கோடா நிக்குது, உப்புத்தாள் போட்டும் போகல. பட்டி சரியில்லையா, பிளேடு சரியில்லையா? ரெண்டையும் போட்டோ போட்டிருக்கேன். முருகேசண்ணே, ரஹீம் பாய், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

முருகேசன் [9:20]
பிளேடுதாம்மா. போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. இடது மூலை லேசா மடங்கியிருக்கு, நடுவுல கடுகு அளவுக்கு ஒரு பல் விழுந்திருக்கு. பல் விழுந்த இடத்துல பட்டி தங்கி வரப்பு மாதிரி நிக்கும். மடங்கின மூலை பக்கத்துலயே பள்ளமா கீறிட்டுப் போகும். மேட்டை உப்புத்தாள் எடுத்துரும், பள்ளத்தை எடுக்காது. அதான் எவ்வளவு தேய்ச்சாலும் கோடு போகல.

விக்னேஷ் [9:22]
அப்போ புதுசு வாங்கிடலாமா? இல்ல இதையே சரி பண்ணலாமாண்ணே?

முருகேசன் [9:31]
பண்ணலாம். பல் ஆழம் அரை மில்லிமீட்டருக்குள்ளதான் தெரியுது. முதல்ல மடங்கின மூலையைக் கல் மேல வச்சு மெதுவா தட்டி நேராக்குங்க. அப்புறம் ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல பிளேடை வச்சு, விளிம்பு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி இறுக்குங்க. நைஸ் பல் வச்ச தட்டை அரத்தை விளிம்போட நீளவாக்குல, ஒரே திசையில தள்ளுங்க. முன்னும் பின்னும் ராவினா நடுவுல குழி விழும். பல் மறையிற வரைக்கும் போதும்.

முருகேசன் [9:34]
அரம் போட்டதும் விளிம்புல பிசிறு நிக்கும். அதை அப்படியே விட்டா அதுவும் கோடு போடும். தரைல பதிக்கிற டைல்ஸ் துண்டு மேல 400 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) விரிச்சு, தண்ணி தெளிச்சு, பிளேடைப் படுக்க வச்சு ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவை இழுங்க. கடைசியா ரெண்டு மூலையோட கூர்மையை மட்டும் அதே பேப்பர்ல லேசா மழுக்கிடுங்க. புது பிளேடு வாங்கினாலும் இந்த மூலை வேலையைச் செஞ்சுட்டுத்தான் சுவத்துல வைக்கணும். நிறைய பேர் செய்யாம விடுறது இதுதான்.

சுதா [9:36]
கத்தி சாணை பிடிக்கிறவர்கிட்ட குடுத்தா ஆகாதா அண்ணே?

முருகேசன் [9:38]
வேண்டாம்மா. அவரு ஒரு பக்கம் சரிவு வச்சுக் கத்தியாட்டம் கூராக்கிடுவாரு. பழைய பெயின்ட் சுரண்டுற ஸ்கிராப்பருக்கு அது சரி. பட்டி இழுக்கிற பிளேடு விளிம்பு நேரா, சதுரமா இருக்கணும். கூரா இருந்தா ஈரப் பட்டியை வழிச்சு எடுத்துரும், ஓட்டைக்குள்ள நிக்காது.

ரஹீம் பாய் [9:50]
கடையில ஆள் இருந்தாங்க, இப்பதான் பாத்தேன். சுதாம்மா, உங்க கைல இருக்கிறது 3 இஞ்ச் கெட்டித் தகடு. அது சுரண்டவும் அடைக்கவும் உள்ளது, இழுத்து வழவழப்பாக்குறதுக்கு இல்ல. ஒரு வீட்டுக்கு ரெண்டு பிளேடு போதும். 2 இஞ்ச்சுல வளையாதது ஒண்ணு. 4 இல்ல 6 இஞ்ச்சுல நல்லா வளையுறது ஒண்ணு. 8, 10 இஞ்ச் எல்லாம் முழுச் சுவரு பட்டி பாக்கிறவங்களுக்கு. ஆணி ஓட்டைக்கு அதை எடுத்தா கை கட்டுப்பாட்டுல நிக்காது.

விக்னேஷ் [9:52]
வளையுதா இல்லையான்னு கடையில எப்படி பாக்கிறது பாய்?

ரஹீம் பாய் [9:57]
மேஜை மேல விளிம்பை நட்டு லேசா அமுக்குங்க தம்பி. விளிம்புப் பக்கம் வளையணும், கைப்பிடிகிட்ட வளையக் கூடாது. கையை எடுத்ததும் பழையபடி நேரா நிமிரணும். வளைஞ்சது வளைஞ்சபடியே கொஞ்சம் நின்னாலும் திருப்பிக் குடுத்துருங்க. அடுத்தது, ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணை விளிம்போட ஒட்டி வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. நடுவுல வெளிச்சக் கீத்து தெரிஞ்சா அந்த பிளேடு வேண்டாம். தகடு கைப்பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போயி ரிவிட் அடிச்சிருக்கான்னும் பாருங்க. முனையில மட்டும் செருகி ஒட்டினது ரெண்டு சுவர் சுரண்டுறதுக்குள்ள ஆட ஆரம்பிச்சுரும்.

விக்னேஷ் [9:59]
ஸ்டெயின்லெஸ்ஸா இல்லையான்னு காந்தம் வச்சுப் பாத்தா தெரியும்னு சொல்றாங்களே.

ரஹீம் பாய் [10:04]
அதை நம்பாதீங்க. பிளேடுக்குப் போடுற ஸ்டெயின்லெஸ் வகையில நிறையவே காந்தம் ஒட்டும். பாக்கெட்டுல எழுதியிருக்கிறதைப் பாருங்க. கார்பன் ஸ்டீல் நல்லா துள்ளும், கைக்கு இதமா இருக்கும், ஆனா ஈரம் பட்டா ஒரே ராத்திரியில துரு. எப்பவாவது எடுக்கிற வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் என் சிபாரிசு.

முருகேசன் [10:10]
இப்ப பட்டி. சுதாம்மா, உங்க சுவரு ஏற்கெனவே எமல்ஷன் பெயின்ட் அடிச்சது. போட்டோல இருக்கிற பை வெள்ளை சிமென்ட் பட்டி. அது சிமென்ட் பூச்சு மேல நேரடியா, சுவத்தை நனைச்சுட்டுப் போட வேண்டியது. பெயின்ட் மேல போட்டா நனைச்சாலும் ஈரம் உள்ள போகாது, சரியா பிடிக்காது, கொஞ்ச நாள்ல சில்லு சில்லா கழண்டுரும். உங்களுக்கு டப்பாவுல ரெடியா வர்ற அக்ரிலிக் பட்டி வாங்குங்க. ஒரு கிலோ டப்பாவே மிச்சமாகும். வெளிச் சுவத்துக்கு மட்டும் அதை எடுத்துட்டுப் போயிடாதீங்க, மழைல ஊறிடும்.

லதா டீச்சர் [10:14]
எங்க மாடி ரூம் புதுப் பூச்சு, பெயின்டே அடிக்கல. அதுக்கு சிமென்ட் பட்டிதானே? தண்ணி அளவு சொல்லுங்க முருகேசன்.

முருகேசன் [10:22]
ஆமா டீச்சர், உங்களுக்கு அதேதான். கிலோவுக்கு 350லேர்ந்து 400 மில்லி தண்ணி. பாத்திரத்துல முதல்ல தண்ணிய ஊத்தி, அதுல பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கலக்குங்க, கட்டி தட்டாது. 10 நிமிஷம் ஊற விட்டு மறுபடி கலக்கணும். கலந்ததை ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள தீத்துருங்க. இறுக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தண்ணி ஊத்தி இளக்கினா காஞ்சதும் மாவு மாவா உதிரும். சுவத்தை நனைக்காம போட்டாலும் அதே கதிதான், பட்டியில உள்ள தண்ணியைச் சுவரு குடிச்சுரும். ரெண்டு கோட்டும் (ரெண்டு தடவை இழுக்கிறதும்) சேத்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போக வேண்டாம். அதை விடப் பள்ளம் இருந்தா முதல்ல சிமென்ட் கலவை வச்சு நிரப்பிட்டு, அது காஞ்சப்புறம் பட்டி.

சுதா [10:25]
ஆணி ஓட்டை அடைக்கிற முறையையும் சொல்லிடுங்கண்ணே. மத்தியானம் உக்காந்துடுறேன்.

முருகேசன் [10:37]
ஆணி பிடுங்கின இடத்துல ஓட்டையைச் சுத்தி விளிம்பு மேல எழும்பியிருக்கும். விரல் வச்சுத் தடவினா தெரியும். 2 இஞ்ச் கெட்டி பிளேடால அதை முதல்ல சீவிடுங்க. இதை விட்டுட்டு மேல எவ்வளவு பட்டி வச்சாலும் பொட்டு மாதிரி துருத்திக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூவுக்காக அடிச்ச பிளாஸ்டிக் பிளக் இருந்தா பிடுங்குங்க, வரலைன்னா 3 மில்லிமீட்டர் உள்ள தட்டிடுங்க. பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. பட்டியைப் பிளேடு நுனியில எடுத்து ஓட்டைக்குள்ள அழுத்தணும், மேல பூசுனா போதாது. ஒரு தடவை இடமிருந்து வலமா, ஒரு தடவை மேலிருந்து கீழ. அப்பதான் உள்ள இருக்கிற காத்து வெளிய வரும்.

முருகேசன் [10:41]
பிளேடு பிடிக்கிற சாய்வுதான் எல்லாம். சுவரோட படுக்கையா பிடிச்சா பட்டி நிறைய தங்கும். நிமித்திப் பிடிச்சா வழிச்சு எடுக்கும். வைக்கும்போது படுக்கை, முடிக்கும்போது நிமித்தி ஒரே இழுப்பு. ஒரே இடத்துல நாலு தடவை இழுத்தா பாதி காஞ்ச பட்டி உரிஞ்சு வரும். காஞ்சதும் ஓட்டை நடுவுல கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. நாலு மணி நேரம் கழிச்சு 4 இஞ்ச் வளையுற பிளேடால ரெண்டாவது கோட்டு, ஓட்டையைத் தாண்டி சுத்தி ரெண்டு விரல் அகலம் வரைக்கும் மெலிசா இழுத்து விடுங்க. மறுநாள் 220 உப்புத்தாள். டார்ச்சைச் சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, எந்த மேடும் மறைய முடியாது.

விக்னேஷ் [10:45]
எங்க வீட்டுல தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல மேலருந்து கீழ வரைக்கும் நேரா ஒரு விரிசல். வருஷா வருஷம் பட்டி வச்சும் திரும்ப வருது.

முருகேசன் [10:48]
அது பட்டியால நிக்காது தம்பி. ரெண்டும் வெயில்ல வேற வேற அளவுக்கு விரியும். அங்க பூச்சை உடைச்சு வலை அடிச்சுத்தான் திரும்பப் பூசணும். கொத்தனார் வேலை.

லதா டீச்சர் [11:02]
பழைய கதவு, ஜன்னல்ல எனாமல் உரிஞ்சு தொங்குது. அதையும் பிளேடாலயே சுரண்டிடலாமா? வீட்டுல ரெண்டு வயசுப் பேரன் இருக்கான்.

ரஹீம் பாய் [11:09]
டீச்சர், இதுல கவனமா இருங்க. வீட்டுப் பெயின்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு மத்திய அரசு விதி 2016ல வந்து, 2017 நவம்பர்லேர்ந்துதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல்ல ஈயம் இருக்கும்னு வச்சுக்கிட்டே வேலை பாருங்க. உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது, தூள் பறக்கும். தண்ணி தெளிச்சுத் தெளிச்சு சுரண்டுங்க, மாஸ்க் போடுங்க, கீழ விரிப்பு போட்டு சில்லெல்லாம் சுருட்டி எடுத்துருங்க. பெருக்காம ஈரத் துணியால துடைங்க. பேரன் அந்த ரூம் பக்கமே வர வேண்டாம்.

லதா டீச்சர் [11:11]
நல்ல வேளை கேட்டேன். நன்றி பாய்.

சுதா [11:15]
வேலை முடிஞ்சதும் பிளேடை எப்படி வைக்கணும்? போன தடவை வச்சதுல பட்டி கல்லாட்டம் இறுகிப் போயிருக்கு.

முருகேசன் [11:24]
நடுநடுவுலயே ஒரு பிளேடை இன்னொண்ணால வழிச்சுக்கணும். விளிம்புல காஞ்ச பருக்கை ஒண்ணு ஒட்டியிருந்தாலும் அடுத்த இழுப்புல கோடுதான். டப்பா ஓரத்துல காஞ்சதை உள்ள தள்ளாதீங்க, அதுவும் கலந்து கோடு போடும். முடிஞ்சதும் கழுவி, துணியால துடைச்சு, கைப்பிடி சேர்ற இடத்தையும் ஈரமில்லாம ஆக்குங்க. துரு அங்கதான் முதல்ல பிடிக்கும். கார்பன் ஸ்டீலா இருந்தா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்க.

முருகேசன் [11:27]
இறுகினது சிமென்ட் பட்டின்னா வினிகர்ல 15 நிமிஷம் ஊற வைங்க, பொரிஞ்சு இளகிடும். உடனே கழுவித் துடைக்கணும், வினிகர் இரும்பையும் அரிக்கும். அக்ரிலிக்னா வெந்நீர்ல ஊற வச்சுச் சுரண்டினா போதும். ஆணி, சுத்தியலோட ஒரே டப்பால பிளேடைப் போடாதீங்க, பல் விழுறது அங்கதான். ஆணியடிச்சு மாட்டி விடுங்க. அடுத்த தடவை எடுக்கும்போது எண்ணெயைச் சோப்புத் தண்ணில கழுவிட்டு வேலைக்குப் போங்க, எண்ணெய் பட்ட பட்டி ஒட்டாது. துரு இருந்தா வாட்டர் பேப்பரால எடுத்துருங்க, இல்லைன்னா வெள்ளைப் பட்டியில காவிப் புள்ளியா வந்து பெயின்ட்டைத் தாண்டியும் தெரியும்.

சுதா [11:30]
தேய்ச்சு முடிச்சதும் நேரா பெயின்ட்தானே அண்ணே?

முருகேசன் [11:33]
அடைச்ச இடத்துல மட்டும் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிறது) ஒரு கோட்டு கட்டாயம். பட்டி பெயின்ட்டை அதிகமா குடிக்கும். பிரைமர் இல்லாம அடிச்சா ஒவ்வொரு ஓட்டையும் மங்கின திட்டா சுவத்துல தெரியும். பழைய பெயின்ட் டப்பாவுல மிச்சம் இருந்தாலும் கலர் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அதனால மூலையிலிருந்து மூலை வரைக்கும் அந்த ஒரு சுவத்தை முழுசா அடிச்சுடுங்க.

சுதா [11:34]
சரிண்ணே. பாய், 2 இஞ்ச் கெட்டி ஒண்ணு, 4 இஞ்ச் வளையுறது ஒண்ணு, 400 வாட்டர் பேப்பர் ரெண்டு, 220 உப்புத்தாள் ரெண்டு, அக்ரிலிக் பட்டி ஒரு கிலோ, பிரைமர் அரை லிட்டர். எடுத்து வைங்க, பன்னெண்டு மணிக்கு வர்றேன்.

ரஹீம் பாய் [11:36]
வச்சிருக்கேன்மா. வரும்போது ஸ்டீல் ஸ்கேல் எடுத்துட்டு வாங்க, பிளேடை நீங்களே வெளிச்சத்துல பாத்து எடுத்துக்கலாம்.