புதுப்பிப்பு: முடக்குவாதமும் ராத்திரி பயமும்

எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி, வலித்து, விறைத்துப்போகும் நோய்) என்று உறுதியான பிறகு, பத்து வருஷத்தில் விரல்கள் கோணிப்போகுமோ என்று தூக்கமே வருவதில்லை என மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

இதற்கு நான் எடுக்கும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரம் ஒரே ஒரு நாள்தான், எனக்கு ஞாயிறு. மறுநாள் குமட்டும். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் சேர்த்த பிறகு பரவாயில்லை. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யவே 6 முதல் 12 வாரம் ஆகலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் முதல் மாதம் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். பத்தாவது வாரம், இட்லி மாவுப் பாத்திரத்தை ஒரே கையால் தூக்கிவிட்டேன்! காலை விறைப்பும் இரண்டு மணி நேரத்திலிருந்து அரை மணிக்கு வந்திருக்கிறது.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ராத்திரி வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனேன். "நீங்க பார்த்த கோணின விரல் படமெல்லாம் சரியான மருந்து இல்லாத காலத்துலம்மா. சீக்கிரம் ஆரம்பிச்சா மூட்டு சேதத்தை நிறையவே தடுக்கலாம்" என்றார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது குழந்தை பற்றியும் கேட்டேன். இந்த மருந்தை நிறுத்தி, சில மாதம் கழித்துத்தான் முயற்சி செய்ய வேண்டுமாம். அதில் நானும் அவரும் இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. முடிவு வந்ததும் சொல்கிறேன்.