வலக் காதும் தாடையும் வளராத குழந்தை: அறுவை சிகிச்சை எப்போது?

கேள்வி (ஒரு தாய்):
என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறந்தபோதே வலக் காது மடல் இருக்க வேண்டிய இடத்தில் பட்டாணி அளவு சதை மட்டுமே இருந்தது. காதுத் துவாரம் இல்லை, முகவாயும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பிரசவம் பார்த்த மருத்துவமனையில் "பாதி முக வளர்ச்சிக் குறைவு, பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதே காரணம் என்கிறார் மாமியார். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள் என் பிறந்த வீட்டார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1 (முகத்தாடை அறுவை சிகிச்சை மருத்துவர்):
கிரகணத்துக்கும் கத்திக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. கீழ்த்தாடையும் காதும் கருவில் அடுத்தடுத்த இரு திசு வளைவுகளிலிருந்து உருவாகின்றன. ஏறத்தாழ 4 முதல் 8 வாரத்துக்குள் அங்கே வளர்ச்சி தடைபட்டால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. பிளவு உதடு, அண்ணப் பிளவுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் பிறவி முகக் குறைபாடு இதுதான்; பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை.

ஆனால் "பெரியவளானதும்" என்பது முகத் தோற்றத்துக்குத்தான் பொருந்தும். தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறதா, பால் குடித்து எடை ஏறுகிறதா என்பதை இப்போதே கவனிக்க வேண்டும். செவித்திறன், கண், இதயம், சிறுநீரகம், கழுத்துப் பகுதி முதுகெலும்பு ஆகியவற்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

பதில் 2 (பதினொரு வயது மகனின் தந்தை):
எங்கள் மகனுக்கு எட்டு வயதில் தாடை எலும்பை நீட்டும் கருவி பொருத்தினார்கள். எலும்பை வெட்டிச் சில நாள் விட்டு, காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை மில்லிமீட்டர் என்று சிறு திருகை நானேதான் திருப்பினேன். முதல் நாள் அவனைவிட என் கைதான் அதிகம் நடுங்கியது. இடைவெளியில் புது எலும்பு ஊறி இறுகிய பிறகே கருவியை எடுத்தார்கள். வளர வளரச் சாய்வு ஓரளவு திரும்பலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அப்படியே ஆகியிருக்கிறது.

பதில் 3 (பதில் 1 எழுதியவர்):
அந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. தாடை மூட்டே உருவாகாத குழந்தைகளுக்கு விலா எலும்பை ஒட்டவைக்க வேண்டியிருக்கும். காது மடலுக்கும் விலாக் குருத்தெலும்பே தேவைப்படுவதால், அது போதிய அளவு வளரும்வரை, பொதுவாக ஆறு முதல் பத்து வயதுவரை, காத்திருக்கிறோம். தாடையின் இறுதித் திருத்தம் முக வளர்ச்சி நின்ற பிறகுதான். எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவியை மட்டும் தலைப்பட்டையில் வைத்து இப்போதே அணிவிக்கலாம்.

கேட்டவர்:
நன்றி, டாக்டர். வியாழக்கிழமை பெரா பரிசோதனைக்கு (ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் தரும் மின் எதிர்வினையை அளக்கும் செவித்திறன் சோதனை) நாள் வாங்கியிருக்கிறோம். வலக் காதுக்கு மட்டும் எடுத்தால் போதுமா?

பதில் 4 (பதில் 1 எழுதியவர்):
இரண்டுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். அவள் பேச்சைக் கற்கப்போவது பெரும்பாலும் இடக் காதைக் கொண்டுதான். பார்வைக்கு நன்றாக இருப்பதாலேயே அதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் தூங்கும்போதுதான் அந்தப் பரிசோதனையைச் சரியாகச் செய்ய முடியும் என்பதால், அன்று காலை அவளைத் தூங்கவிடாமல் அழைத்துச் செல்லுங்கள்.