மாவெய் ஆற்றங்கரையும் 'யாங்வூ' மரக்கப்பலும்: பார்த்தவர்கள் பகிருங்கள்

வேலை விஷயமாகத் தென்கிழக்குச் சீனாவின் ஃபுச்சோ நகரில் தங்கியிருந்தபோது மின் ஆற்றோரம் மாவெய்க்குப் போய் வந்தேன். 1866-இல் பிரெஞ்சு நிபுணர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு சீனா கப்பல்கட்டும் தளம் தொடங்கிய இடம் அது. 'யாங்வூ' 1872-இல் அங்கேதான் ஆற்றில் இறங்கியது. உடல் மரம், உள்ளே நீராவி எந்திரம், மேலே பாய்மரம். அந்தப் பகுதியைக் காத்த சீனாவின் ஃபூஜியன் கடற்படைக்கு அதுதான் தலைமைக் கப்பல்.

சீனாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டபோது, 1884 ஆகஸ்ட் 23 அன்று அட்மிரல் கூர்பேயின் பிரெஞ்சுப் படை அதை மூழ்கடித்தது. அன்று இறந்த சீனர்கள் 700 பேருக்கும் மேல். அவர்களுக்காக எழுப்பிய கோயில் அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் நின்றபோதுதான் உறைத்தது: கட்டிய தளத்தின் கண்ணெதிரிலேயே கப்பல் போயிருக்கிறது. வெகுநேரம் நகர மனமில்லை.

மரக்கப்பல் என்பதால்தான் தோற்றது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். எதிரே நின்ற 'வில்லார்', 'டெஸ்டாங்' இரண்டும் மரக்கப்பல்கள்தானே? முதலில் சுடக் கூடாது என்று பெய்ஜிங் அரசு சீனக் கப்பல்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. பிரெஞ்சுக் கப்பல்களோ ஒரு மாதத்துக்கும் மேலாக அதே ஆற்றில் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன. காரணம் அங்கே இருக்கிறது.

மறுமொழி 1:
அண்ணா சொல்வது சரி. நான் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். அந்தச் சண்டையில் என்னை உலுக்குவது நீரோட்டம். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் ஓட்டம் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மின் ஆற்றின் அந்தப் பகுதியில் கடலின் ஏற்றமும் வற்றமும் தெரியும். தண்ணீர் ஏறும்போது 'யாங்வூ'வின் முகம் ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களைப் பார்க்கும். வற்றத் தொடங்கினால் முதுகைக் காட்டும். கூர்பே அந்த நேரத்துக்காகவே காத்திருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன், நீர் திரும்பும் வேளையில், பிரெஞ்சுக்காரர்களின் 46-ஆம் எண் டார்பிடோ படகு பாய்ந்தது. இன்றைய டார்பிடோ போல நீருக்குள் தானாக ஓடுவதில்லை அது. படகின் முன்னால் நீட்டிய கழியின் நுனியில் வெடிமருந்து. அதைக் கப்பலின் உடம்பில் கொண்டுபோய் இடிக்க வேண்டும். நங்கூரத்தில் கட்டுண்டு கிடக்கும் கப்பல் அதற்கு எப்படித் தப்பும்? நங்கூரக் காவலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த மாலுமிகளை நினைத்துக்கொள்வேன்.

மறுமொழி 2:
எனக்கு அந்தக் கப்பல் அறிமுகமானது ரயில் வழியாக. பெய்ஜிங்கிலிருந்து பெருஞ்சுவருக்குப் போகும்போது 1909-இல் முடிந்த பழைய மலை ரயில்பாதையைப் பார்த்தேன். அதைக் கட்டிய பொறியாளர் ஜான் தியன்யூ, 1870-களில் சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய 120 சிறுவர்களில் ஒருவர். 1881-இல் எல்லோரையும் திரும்ப அழைத்தபோது இவரை மாவெய்க்கு அனுப்பினார்கள். 'யாங்வூ'விலும் பணி செய்தார். சண்டைக்கு முன்பே மாற்றலாகிப் போனதால் பிழைத்தார். கூடப் படித்த சிலர் அன்று ஆற்றிலேயே மாண்டார்கள். அவர்களில் இன்னும் எத்தனை பொறியாளர்கள் இருந்தார்களோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

முதலில் எழுதியவர்:
தம்பி, அந்த நீரோட்ட விளக்கத்துக்கு நன்றி. மாவெய் போகிறவர்கள் கோயிலோடு நின்றுவிடாதீர்கள். 1867-இல் கட்டிய எந்திரப் பட்டறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. லுவோசிங் கல் கோபுரத்திலிருந்து ஆற்றைப் பார்த்தால் சண்டை நடந்த இடம் புரியும். வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.