கோத்தகிரியில் தனித்தொழில்: மருத்துவக் காப்பீட்டுக்காகப் பழைய வரிமுறையில் நிற்கலாமா?

கோத்தகிரிக் குளிர்

வணக்கம். வயது 43. பதினேழு ஆண்டுகள் கோவையில் ஒரு நிறுவனத்தில் கட்டமைப்புப் பொறியாளராக இருந்தேன். கடந்த ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வரைபடமும் ஆலோசனையும் தருகிறேன். 2025-26 நிதியாண்டில் 18 லட்சம் ரூபாய் கட்டணமாக வரும்போல் தெரிகிறது. வேலையோடு அலுவலகக் குழுக் காப்பீடும் போய்விட்டது. வீட்டில் மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பா (69), அம்மா (64).

ஒரு முகவர் இரண்டு பாலிசிகளைச் சொல்கிறார். எங்கள் மூவருக்கும் 10 லட்சத்துக்கு ஆண்டு பிரீமியம் 24,000. பெற்றோருக்கு 5 லட்சத்துக்கு 62,000. "பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுங்கள் சார், 80டி பிரிவில் 74,000 ரூபாய் கழிவு கிடைக்கும், பிரீமியத்தில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டியதுபோல் ஆகும்" என்கிறார். சரிதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

சரியில்லை. உங்கள் முகவருக்கு 80டி தெரிகிறது, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பது தெரியவில்லை.

ஊட்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் இதே கணக்குதான். பொறியியல் ஆலோசனை என்பது 44ஏடிஏ பிரிவில் வரும் தொழில். மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். உங்கள் 18 லட்சம் 9 லட்சம் வருமானம் ஆகிறது. புதிய முறையில் (வரி வீதம் குறைவு, ஆனால் 80சி, 80டி போன்ற கழிவுகள் கிடையாது) அதற்கு 30,000 ரூபாய் வரி வரும். ஆனால் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின்படி 60,000 வரை தள்ளுபடி உண்டு. ஆகவே கட்ட வேண்டியது பூஜ்யம்.

இப்போது பழைய முறை. சேமிப்புகளுக்குக் கழிவு தரும் 80சி பிரிவில் ஒன்றரை லட்சத்தையும் முழுதாகப் போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 80டி பிரிவில் உங்கள் குடும்பத்துக்கு 24,000. பெற்றோரில் அப்பா, அம்மா இருவருமே 60 தாண்டியவர்கள் என்பதால் 50,000 வரை. 62,000 கட்டினாலும் அவ்வளவுதான். மீதி 6,76,000. இதற்கு வரி, கூடுதல் தீர்வையோடு 49,608 ரூபாய்.

ஆக, பிரீமியத்தில் வரி மிச்சம் பிடிப்பதற்காக ஏறக்குறைய 50,000 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்!

கோத்தகிரிக் குளிர்

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதே தொகைதான் வருகிறது. வீட்டுக்கடன் இருந்தாலாவது பழைய முறை தேறுமா?

கணக்குப்பிள்ளை

உங்கள் வரவுக்குத் தேறாது. இதைவிடப் பெரிய வரவுக்கும் பாருங்கள். 40 லட்சம் வாங்குகிற ஒருவருக்கு வருமானம் 20 லட்சம். புதிய முறையில் வரி 2,08,000. பழைய முறையில் அந்த அளவுக்கு இறங்கிவர அவர் ஏழு லட்சத்துக்கு மேல் கழிவு காட்ட வேண்டும். சம்பளக்காரருக்கு உள்ள வீட்டு வாடகைப்படியும் நிலையான கழிவும் நமக்குக் கிடையாது. ஏழு லட்சத்துக்கு எங்கே போவது?

இன்னொன்று. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக வேண்டுமென்றால் கெடுவுக்குள் 10-ஐஇஏ என்ற படிவத்தைப் போட வேண்டும். போனவர் ஒரே ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பலாம். அதன் பிறகு, தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறையை நினைக்கவே கூடாது. சம்பளக்காரர்களைப்போல் ஆண்டுதோறும் மாற்றி மாற்றிப் பார்க்க முடியாது.

உங்கள் வாடிக்கையாளர்கள் 194ஜே பிரிவில் கட்டணத்திலிருந்தே 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்திருந்தால் 1,80,000 உங்கள் பெயரில் கிடக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும். பிரீமியத்தை அதிலிருந்து கட்டுங்கள்.

கூடலூர்த் தேயிலை

பிரீமியம் எதற்குக் கட்ட வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

நானும் தனி ஆள்தான். தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்த்தும் இயந்திரம், வாடல் தொட்டி இவற்றுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பாலிசியும் இல்லை. வங்கியில் வைப்புத்தொகை எட்டு லட்சம், அதற்குப் பெயர் "ஆஸ்பத்திரி". சென்ற ஆண்டு குடலிறக்க அறுவை சிகிச்சை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. 700 படுக்கைகள், புதுக் கட்டடம், நல்ல மருத்துவர்கள். ஒரு பைசா செலவில்லை. அந்த எட்டு லட்சம் அப்படியே இருக்கிறது. கட்டிய பிரீமியத்தை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

காட்டேரி மருமகள்

(குன்னூர் பக்கத்து ஊர்தான், பயப்படாதீர்கள்.)

கூடலூர் அண்ணா, நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்த்துவிட்டீர்கள். இவர் இன்று தொடங்குகிறார். ஆண்டுக்கு 24,000 ரூபாயை ஆறரை சதவீத வட்டியில் போட்டு வந்தால் எட்டு லட்சம் சேர ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் ஆகும். நோய் அதுவரை வாசலில் நிற்குமா? ஒருமுறை இதயத்தில் கோளாறு என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு பாலிசி கேட்டாலும் கிடைப்பது அரிது.

ஆனால் முகவர் சொல்லும் பாலிசியை அப்படியே வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

சென்ற ஜூலையில் அத்தை, வயது 67, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் பாசி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோவைக்குக் கொண்டுபோக முடிவு செய்து தனியார் ஆம்புலன்ஸ் எடுத்தோம். பர்லியார் அருகே மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட, அரை மணி நேரம் அங்கேயே கிடந்தோம். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார். கண்ணாடியை நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அத்தை முனகவில்லை, "எத்தனை வளைவு பாக்கி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் கட்டணம் 7,500. பாலிசியில் ஆம்புலன்ஸுக்கு வரம்பு 2,000.

அது போகட்டும். பாலிசி 3 லட்சத்துக்கு. அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. காலியாக இருந்தது 6,000 ரூபாய் அறைதான். கூடுதல் வாடகையை நாம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துச் சேர்த்தோம். ஆறு நாள், பில் 2,40,000. அதில் மருந்து, பொருத்திய உலோகக் கருவி, பரிசோதனைகள் 1,10,000, அதை வெட்டவில்லை. மீதி 1,30,000, அதாவது வாடகை, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். வரம்பைப்போல் இரண்டு மடங்கு அறையில் இருந்தால் சேர்ந்த செலவும் இரண்டு மடங்காகிவிட்டதாம்! 65,000 கையிலிருந்து போயிற்று. வெளியேறும் நாளில் காலை பத்து மணிக்கு ஆடை மாற்றிவிட்ட அத்தை, காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் வரும்வரை மாலை ஆறு மணிக்கும் அதே சக்கர நாற்காலியில்தான் இருந்தார்.

அந்தப் பாலிசியை விற்றவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது 80டி பற்றி அரை மணி நேரம் பேசினார். அறை வாடகை பற்றி ஒரு சொல் இல்லை.

குன்னூர் முகவர்

எல்லாருமாக முகவர்களை வறுக்கிறீர்கள், நானும் ஒருவன்தான். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நல்ல உடம்போடு இருக்கும் நாற்பது வயதுக்காரரிடம் போய் "உங்களுக்கு மாரடைப்பு வரலாம், பணம் கொடுங்கள்" என்றால் நாயை அவிழ்த்துவிடுவார். மார்ச் மாதம் "வரி மிச்சமாகும்" என்றால் அவரே தேடி வருவார். எனக்குத் தெரிந்து எத்தனையோ குடும்பங்களில் வரிக்காக எடுத்த பாலிசிதான் பிறகு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. புதிய முறை வந்து அந்தத் தூண்டிலையும் பிடுங்கிவிட்டது. இனி யார் வாங்குவார்கள்? கணக்குப்பிள்ளை சார் சொல்லும் 50,000 ரூபாய் மிச்சத்தில் பாலிசி எடுப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? செல்போன் வாங்குவார்கள்.

விதிகளும் முன்புபோல் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 48 மாதமாக இருந்ததை 2024-இல் 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். வெளியேறும் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதும் அதே ஆண்டின் விதிதான். மருமகள் அம்மா அன்றே புகார் செய்திருக்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. இல்லாவிட்டால் அந்த 62,000 ரூபாய் 73,160 ஆகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை

தூண்டிலால் மீன் பிழைத்ததாக இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

வரிக்காக வாங்குபவர் என்ன பார்ப்பார்? தொகை 25,000-க்குள் அடங்குகிறதா, மார்ச் 31-க்குள் ரசீது வருமா, இவ்வளவுதான். அறை வாடகை வரம்பும் இணைப்பணமும் (பில்லில் நாமே கட்ட வேண்டிய பங்கு) அவர் கண்ணிலேயே படாது. மருமகள் அம்மா வீட்டில் நடந்தது அதுதான். (உங்கள் கமிஷன் வருமானத்துக்குச் சிறு வணிகர்களுக்கான 44ஏடி பிரிவுகூடப் பொருந்தாது சார், முழுக் கணக்கு எழுதுகிறீர்கள்தானே?)

குன்னூர் முகவர்

எழுதுகிறேன் சார். உங்களைவிட ஒழுங்காக.

கூடலூர்த் தேயிலை

இடையில் என் கேள்வி. தொழிற்சாலைக்கு ஆலோசனை சொல்வது 44ஏடிஏ-யில் வருமா? நான் பட்டம் பெற்ற பொறியாளன் இல்லை.

கணக்குப்பிள்ளை

தொழில்நுட்ப ஆலோசனை என்று பட்டியலில் தனியாகவே இருக்கிறது. ஆலோசனைக் கட்டணமாக வாங்குவதற்குப் பொருந்தும். இயந்திரம் விற்றுக்கொடுத்துத் தரகு வாங்கினால் அதை இதில் கலக்காதீர்கள். தோட்டத்துப் பச்சைத்தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம், அது வேறு.

கூடலூர்த் தேயிலை

நல்லது. பெரியவர் இருவருக்கும் 62,000 கொடுப்பதைவிட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடலாமே? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அவர்களுக்கு என்று தனி வருமானம் இருக்கிறதா என்ன?

காட்டேரி மருமகள்

அண்ணா, அதற்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. ஒரே குடும்ப அட்டையில் இருந்துகொண்டு, மகன் 18 லட்சம் வாங்கும்போது பெற்றோருக்கு எப்படிச் சான்று வாங்குவது? எங்கள் வரிசை வீடுகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த அட்டைக்காக அரை நாள் கூலியை விட்டு அலைகிறார்கள். வழி சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கூடலூர்த் தேயிலை

தனி அட்டை என்று நினைத்துச் சொன்னேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அரசு மருத்துவமனை பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

காட்டேரி மருமகள்

அதை நானும் மறுக்கவில்லை. நம் மலையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் கதி. 2009 நவம்பரில் மண் சரிந்து சாலைகள் அடைபட்டபோது கோவையில் எந்தப் பெரிய மருத்துவமனை பட்டியலில் இருந்து என்ன பயன்?

தனித்தொழில் செய்பவருக்கு இன்னொரு பொத்தலும் உண்டு, யாரும் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரர் படுத்தால் விடுப்பு. நீங்கள் படுத்தால் யார் பில் எழுதுவது? மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுக்கும், அடுப்புக்குக் கொடுக்காது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரத்தில் ஏறி இறங்குகிறவர் நீங்கள். விபத்தில் வேலை செய்ய முடியாமல் கிடக்கும் வாரங்களுக்குத் தொகை தரும் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றையும் பாருங்கள். பிரீமியம் இதைவிட மிகக் குறைவு.

கொடைக்கானல் மேகம்

ஒரு வரி: மனைவி வேலைக்குப் போகிறாரா? என் மனைவி பள்ளி ஆசிரியை, அவர் வழியாக எனக்கும் பிள்ளைகளுக்கும் காப்பீடு இருக்கிறது. அதற்குமேல் ஒரு டாப்-அப் (குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் செலவுக்கு மட்டும் கொடுக்கும் பாலிசி) மட்டும் எடுத்தேன், மலிவு.

கோத்தகிரிக் குளிர்

அவர் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார் சார், அந்த வழி இல்லை.

குன்னூர் முகவர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் வேறு ஆள் என்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. நேற்று வந்த விண்ணப்பத்தில் "நீரிழிவு: இல்லை" என்று எங்கள் முகவரே நிரப்பி அனுப்பியிருக்கிறார். கேட்டதற்கு, "ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது சார்" என்கிறார்.

குன்னூர் முகவர்

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். இப்படிப்பட்டவர்களால்தான் எங்களுக்குக் கெட்ட பெயர்.

60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு மறைத்தார் என்று சொல்லி மறுக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் மோசடிக்கு அந்த விலக்கு இல்லை. தவிர, 60 மாதம் வரை அம்மா ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பாரா? சர்க்கரை என்று எழுதினால் அதிகம் போனால் 36 மாதம் அந்த நோய்க்கு மட்டும் காத்திருப்பு. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் அதனால் தடை இல்லை. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். பெற்றோருக்கு 5 லட்சம் கட்டுப்படியாகாவிட்டால் 3 லட்சம் எடுத்து மேலே டாப்-அப் போடுங்கள். அறை வாடகைக்கு வரம்பு இல்லாததாகக் கேளுங்கள். மருமகள் அம்மா சொன்னது என் மனசிலும் உறுத்துகிறது.

கோத்தகிரிக் குளிர்

கையெழுத்துப் போடவில்லை, நல்லவேளை. நாளை அம்மாவின் மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் வேறு விண்ணப்பம் கேட்கிறேன். வரி பற்றி அவர் ஆரம்பித்தால் 49,608 என்று சொல்லிவிட்டு, அறை வாடகை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கப்போகிறேன்.

காட்டேரி மருமகள்

ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள்.