சுக்கான் பிடித்த கை

விமானம் ஓட்டப் பழகும்போது எது படுத்தியது என்பதுதான் இங்கே பேச்சு. மெடிக்கல் பரிசோதனை, தேர்வு பற்றியெல்லாம் முன்னால் எழுதிய நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். என்னைப் படுத்தியது காற்றுதான்.

எனக்கு ஊர் மண்டபம் பக்கம். உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன். அங்கே நம்மைப் போன்றவர்கள் பழக முடியாது. வெளியூர் போய்த்தான் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் ஏறினேன். பத்து வயதிலேயே அப்பாவின் வள்ளத்தில் சுக்கான் பிடித்தவன் என்ற திமிர் வேறு.

அந்தத் திமிர்தான் முதலில் அடி வாங்கியது. வள்ளத்தில் சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், இடப்பக்கம் திரும்பும். விமானத்தில் வலது காலை மிதித்தால் மூக்கும் வலப்பக்கமே போகும். தரையில் ஓட்டும்போது கையிலிருந்த யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, எல்லாம் கால் வேலை. மஞ்சள் கோட்டை விட்டு நான் அலைந்த அலைச்சலைப் பார்த்துப் பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பக்கக் காற்றில் இறங்குவது அடுத்த தலைவலி. மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது கரையைப் பிடிக்க அணியத்தைக் காற்றுப் பக்கம் சாய்த்து வைப்போமே, வானத்திலும் அதேதான். அதுவரை எனக்குச் சுலபம். ஆனால் சக்கரம் தரையைத் தொடுவதற்குள் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும், காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்த வேண்டும், அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொட வேண்டும். வள்ளத்தைக் கோணலாகவே மணலில் ஏற்றிப் பழகியவனுக்கு இது வரவே இல்லை. மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் செலவு, ஒவ்வொரு முறையும் சக்கரம் கீச்சிடும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். எனக்கு 19-ஆவது மணியில்தான் தனியாகப் பறக்க அனுமதியே கிடைத்தது. கூடப் படித்தவர்கள் அதற்குள் 150 கடல் மைல் தனிப்பயணத்துக்கு வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒரே ஒரு சுற்று. பக்கத்து இருக்கை காலி, விமானம் எடை குறைந்து சட்டென்று மேலே ஏறியது. இறங்கும்போது இடது சக்கரம் முதலில் தொட்டது, அப்புறம் வலது. கீச்சென்ற சத்தமே இல்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். முதல் கேள்வியே, "காத்து எங்கேருந்துடா?"

"240 டிகிரிப்பா. எட்டு நாட் வேகம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கச்சான்னு சொல்லித் தொலையேன்" என்றார்.