தூறலுக்கு ஃப்ளைட் ரத்தா? யாரு காதுல பூ சுத்தறானுங்க?

காட்பாடிக்காரன்:
என் மச்சான் டொராண்டோ ஏர்போர்ட்ல ராத்திரி பூரா தரையில படுத்துக்கினு கீறான். ஃப்ளைட் ரத்து. கேட்டா உறைமழையாம். வீடியோ கால்ல பாத்தேன், சும்மா தூறல்பா! 35,000 அடியில மைனஸ் 50 டிகிரி. அங்க ஜம்முனு பறக்கறதுக்கு, தரையில பூஜ்யம் டிகிரி தூறல் இன்னா பண்ணிடும்? சீட்டு ரொம்பல, ரத்து பண்ணிட்டு மழை மேல பழி போடறானுங்க. ஹோட்டல் ரூம் காசும் மிச்சம்.

குளிர்ல குடியாத்தம்:
தெரியாம பேசாதீங்க. கனடாவுல விமானத்துக்கு மருந்து அடிக்கற வேலையில இருந்தவன் நான். மைனஸ் 50ல மேகத்துல இருக்கறது ஏற்கெனவே உறைஞ்ச படிகம். சிறகுல பட்டாலும் ஒட்டாது, தெறிச்சுடும். பூஜ்யத்துலேந்து மைனஸ் 20 வரைக்கும் தான் பெரும்பாலும் வம்பு. அங்க தண்ணி உறையாமலே திரியும், சிறகைத் தொட்ட நொடி கட்டியாயிடும்.

காட்பாடிக்காரன்:
அதிகக் குளிர்ல ஒண்ணும் ஆகாது, கம்மி குளிர்ல ஆபத்து. சூப்பர் சார். மருந்துன்னா கொசு மருந்தா?

வாலாஜா வாத்தியார்:
எங்க ஊர்ல சித்திரையில ஆலங்கட்டி மழை கொட்டும். பஸ் நிக்குதா? காட்பாடி சொல்றது நியாயம்.

குளிர்ல குடியாத்தம்:
ஆலங்கட்டி மேலயே கட்டியா உருவாகி விழுது. உறைமழை தண்ணியா விழுது. மேல வெதுவெதுப்பான காத்து, அதுல பனி உருகிடும். தரையை ஒட்டி குளிர்க்காத்து, அதுல திரும்ப உறைய நேரம் இல்ல. விழுந்த இடத்துல தான் உறையும். ஆற்காடு மக்கன் பேடா மேல பாகு பூத்த மாதிரி பளபளன்னு ஒரு படலம். கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழட்டிட்டு விரலால தடவினா தான் தெரியும். அந்தப் படலம் சிறகோட தூக்கு விசையையே கெடுத்துடும்.

காட்பாடிக்காரன்:
பேடாவுக்கு எதுக்கு போனீங்க? மைனஸ் 50க்கு பதில்?

ஆம்பூர் ஷூ:
குடியாத்தம் அண்ணே, மேல ஒண்ணும் ஆகாதுன்னா 2009ல ஏர் பிரான்ஸ் 447 எப்படி விழுந்துச்சு? 228 பேர். பனிப்படிகம்னு தான அறிக்கையில இருக்கு?

காட்பாடிக்காரன்:
அப்படிப் போடு! மாட்னாரு!

குளிர்ல குடியாத்தம்:
யாரும் மாட்டல. அது வேகத்தை அளக்கற பிட்டோ குழாய்ல படிகம் அடைச்சது. சிறகுல ஒட்டல. வேகக் கணக்கு தப்பாச்சு, அப்புறம் விமானிகள் கையாண்டதுல விழுந்துச்சு. நான் பேசறது சிறகு. 1994 அக்டோபர் 31, அமெரிக்காவுல ரோஸ்லான். ஏடிஆர் 72ங்கற விமானம், 68 பேர் போனாங்க. சிறகோட முன்விளிம்புல பனியை உடைக்கற ரப்பர் பட்டை இருந்துச்சு. பெரிய துளிங்க அதைத் தாண்டி பின்னால வழிஞ்சு, அங்க போய் வரப்பு கட்டிச்சு. விமானம் சட்டுனு புரண்டுடுச்சு. அதுக்கப்புறம் தான் பட்டையை அகலமாக்கினாங்க.

வாலாஜா வாத்தியார்:
ஜெட்டுல எஞ்சின் சூட்டுக்காத்தை சிறகுக்குள்ள விடறாங்களே? அப்புறம் எதுக்கு மருந்து?

குளிர்ல குடியாத்தம்:
அது முன்விளிம்புக்கு மட்டும் வாத்தியாரே. மேல்பரப்பு, வால் எல்லாம்? ஆரஞ்சு மருந்தைச் சூடா அடிச்சு இருக்கற பனியைக் கரைப்போம். அதுக்கு மேல பச்சை மருந்து, கூழாட்டம் ஒட்டிக்கும், ஓடுபாதையில வேகம் எடுத்ததும் வழிஞ்சுடும். எவ்ளோ நேரம் தாங்கும்னு அட்டவணை உண்டு. லேசான உறைமழைக்கு ஒரு நேரம் போட்டிருக்கும். மிதமானதுக்கும் பலமானதுக்கும் நேரமே கிடையாது, கட்டம் காலி. கட்டம் காலின்னா எந்த கேப்டன் கிளம்புவான்? இது சீட்டுக் கணக்கு இல்ல. 1992ல நியூயார்க் லகார்டியா ஏர்போர்ட்ல ரெண்டு தடவை மருந்து அடிச்சிட்டு வரிசையில அரை மணிக்கு மேல நின்னுச்சு ஒரு ஃபோக்கர் விமானம். கிளம்பினதும் விழுந்து 27 பேர் போனாங்க.

காட்பாடிக்காரன்:
எல்லாம் பழங்கதை. இப்ப போயிங் 787ல சிறகுக்குள்ள கரண்டு ஹீட்டர் கீது. அதுவும் மைனஸ் 50ல...

குளிர்ல குடியாத்தம்:
அந்த ஹீட்டரும் முன்விளிம்புக்கு தான்யா!! எத்தினி வாட்டி சொல்றது?

காட்பாடிக்காரன்:
யாரு ‘யா’? மரியாதை. போன மழைக்கு பாலாறு மேட்டர்லயும் இப்படித் தான் கிளாஸ் எடுத்தீங்க. மோர்தானா அணையைத் தொறந்தா வேலூருக்கு வெள்ளம்னு பயமுறுத்தினது யாரு?

குளிர்ல குடியாத்தம்:
குடியாத்தத்துக்குன்னு தான் சொன்னேன். மோர்தானா தண்ணி கவுண்டன்யா ஆத்துல எங்க ஊர் வழியா தான வருது. அதையும் ஒழுங்கா படிக்கல நீங்க.

ஆம்பூர் ஷூ:
உங்க பக்கத்து ஆத்துல தண்ணின்னா செய்தி. எங்க பக்கம் ஓடறது தோல் கழிவு. அதுக்கு யாராவது ஒரு திரி போடுங்க.

வாலாஜா வாத்தியார்:
கழிவு பத்தி ஆம்பூர் பேசுது! ராணிப்பேட்டையில குரோமியம் குமிஞ்சு கிடக்கு, நாங்க யாரைக் கேக்கறது?

காட்பாடிக்காரன்:
2019ல தனி மாவட்டம் வாங்கிக்கினு போனீங்க இல்ல, உங்க கலெக்டரையே கேளுங்க.

வாலாஜா வாத்தியார்:
நாங்க ஒண்ணும் கேட்டு வாங்கல. உங்களுக்கு தான் அப்துல்லாபுரத்துல ஏர்போர்ட் கட்டி வெச்சிருக்காங்களே, அங்க எந்தப் பனி தடுக்குது?

காட்பாடிக்காரன்:
அது அரசியல். பேச்சை மாத்தாதீங்க. குடியாத்தம் இன்னும் மைனஸ் 50க்கு நேரா பதில் சொல்லல, எல்லாரும் பாத்துக்கோங்க.

குளிர்ல குடியாத்தம்:
மேல ரெண்டாவது பதிவு. கண்ணாடி போட்டுக்கினு படிங்க. உங்க மச்சான் நம்பர் இருந்தா அனுப்புங்க, அவர்கிட்டயே பேசிக்கறேன்.

காட்பாடிக்காரன்:
அவன்கிட்ட எதுக்கு? அவன் ஏற்கெனவே உங்க கட்சி.