வெளிநாட்டு கஸ்டமர் யூஎஸ்டிடில காசு அனுப்புறேன்றாரு, வாங்கலாமா? (பாண்டி, பொம்மை வியாபாரம்)

வில்லியனூர்பொம்மை:

எல்லாருக்கும் வணக்கம். நான் வில்லியனூர். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் எங்க ஊர் சுடுமண் பொம்மையும் செய்றவங்ககிட்ட நேரா வாங்கி ஆன்லைன்ல விக்கிறேன், ரெண்டுத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கு, அதனால வெளிநாட்டுல இருந்தும் அப்பப்ப ஆர்டர் வரும். சொந்தமா வூகாமர்ஸ் (ஆன்லைன் கடை சாஃப்ட்வேர்) சைட், ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி நம்பர் எடுத்தாச்சு, ஜிஎஸ்டி இருக்கு, பார்சல் எல்லாம் போஸ்ட் ஆபீஸ் வழியாதான்.

இப்ப விஷயம் என்னன்னா ரீயூனியன் தீவுல இருந்து ஒருத்தர், அவங்க கொள்ளுத்தாத்தா காலத்துல இங்கருந்து போன குடும்பமாம், தமிழ் பேச வராது ஆனா நவராத்திரிக்கு கொலு வைக்கணும்னு அங்க இருக்குற கோயில் ஆளுங்க எல்லாம் சேந்து 36 செட் கேக்குறாங்க. மொத்தம் 1,850 யூரோ. எனக்கு இது ரொம்ப பெரிய ஆர்டர். பேபால் லிங்க் அனுப்புறேன்னேன், அதுல உங்களுக்கும் கழியும் எனக்கும் கழியும், யூஎஸ்டிடில (டாலர் மதிப்புல நிக்கிற ஒரு கிரிப்டோ காயின்) அனுப்புறேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடும், வாலட் அட்ரஸ் குடுங்கன்றாரு. பேபால்ல கழியுறது நெஜம்தான், ஃபீஸும் கரன்சி மாத்துற கழிவும் சேந்து போன ஆர்டர்ல பத்தாயிரத்துக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல போச்சு, வயிறு எரிஞ்சுது.

வீட்டுக்காரர் "கிரிப்டோவ கவர்ன்மென்ட் தடை பண்ணிட்டாங்கல்ல"ன்றாரு. தம்பி "ஃபோன்ல ஆப் இருக்கு, நான் வாங்கி வித்து குடுக்குறேன்"றான். நான் நடுவுல நிக்கிறேன். யாராவது கடை வெச்சு இப்படி வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க. இனிமே சைட்லயே ஒரு கிரிப்டோ பட்டன் வெச்சுடலாமான்னும் ஒரு யோசனை.

லாஸ்பேட்டை_பையன்:

அக்கா, பட்டன் வெக்கிறது ஒரு மதியத்து வேலை, அதுல ஒண்ணும் இல்ல. நான் 2021ல என் டீஷர்ட் சைட்ல வெச்சிருந்தேன். பிடிசிபே சர்வர்னு ஓப்பன் சோர்ஸ், கமிஷன் கிடையாது, வூகாமர்ஸுக்கு பிளகின் இருக்கு. ஒவ்வொரு பில்லுக்கும் புது அட்ரஸ் அதுவே போட்டு குடுக்கும், காச எடுக்குற ரகசிய சாவி சர்வர்ல இருக்காது, அதனால சர்வர எவனாவது ஹேக் பண்ணாலும் காசு போகாது. கேக்க சூப்பரா இருக்கும்.

ஆனா உண்மைய சொல்றேன், ஒன்றரை வருஷத்துல மொத்தம் மூணு ஆர்டர். அதுல ஒண்ணு என் ஃபிரண்டே டெஸ்ட் பண்ணி பாத்தது. இன்னொண்ணுதான் கதை. பில் போட்டா 15 நிமிஷம்தான் விலை நிக்கும், ஏன்னா பிட்காயின் விலை ஆடிட்டே இருக்கும்ல, அந்த ஆளு நெட்வொர்க் ஃபீஸ கம்மியா வெச்சு அனுப்பிட்டாரு, அது வரிசைல மாட்டி ராத்திரி முழுக்க நின்னுச்சு, காலைல காசு வந்தப்ப பில் செத்துப்போயி விலையும் இறங்கியிருந்துச்சு. பாக்கிய அனுப்புங்கன்னு மெயில் போட்டா, நான் சரியாதான் அனுப்பினேன்றாரு. கார்டுல மாதிரி திருப்பி எடுக்குற வேலையும் கிடையாது, அதுக்குன்னு ஒரு பஞ்சாயத்து பண்ற ஆபீஸும் கிடையாது. கடைசில நட்டத்தோட டீஷர்ட்ட அனுப்பினேன்.

யூஎஸ்டிடில விலை ஆட்டம் இல்ல, ஒரு காயின் ஒரு டாலர் பக்கத்துலயே நிக்கும், அது ஒரு நிம்மதி. ஆனா அதுல வேற கண்ணி. ஒரே யூஎஸ்டிடி பல நெட்வொர்க்ல ஓடுது. ட்ரான் நெட்வொர்க் அட்ரஸ் "டி"ல ஆரம்பிக்கும், இதீரியம்னா சைபர் எக்ஸ்னு ஆரம்பிக்கும். அவரு ஒண்ணுல அனுப்பி நீங்க இன்னொண்ண பாத்துட்டு உக்காந்திருந்தா காசு வரல காசு வரலன்னு சண்டைதான். அட்ரஸ காப்பி பேஸ்ட் பண்ணா முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் மட்டும் பாத்துட்டு ஓகே போடாதீங்க, அதே முதலும் அதே முடிவும் இருக்குற போலி அட்ரஸ செஞ்சு உங்க ஹிஸ்டரில குட்டி தொகை அனுப்பி வெப்பானுங்க, அடுத்த தடவ நீங்களோ கஸ்டமரோ அத காப்பி பண்ணுவீங்கன்னு. நடுவுல இருக்குற எழுத்தையும் பாக்கணும். பேர் மட்டும் யூஎஸ்டிடின்னு வெச்சு டூப்ளிகேட் டோக்கன் அனுப்புறதும் உண்டு, வாலட்ல நம்பர் தெரியும், விக்க போனா பத்து பைசா தேறாது.

கடலூர்_முந்திரி:

தங்கச்சி, நான் கடலூர் ஓ.டி. (பழைய டவுன்), காடாம்புலியூர் பக்கத்துல இருந்து முந்திரி எடுத்து டபிள்யூ 240, 320னு பருப்பு சைஸ் வாரியா பாக்கெட் போட்டு விக்கிறேன். முதல்ல உன் தம்பி ஆப்ல வாங்கி வித்து குடுக்குறேன்றான் பாரு, அந்த எடத்துலயே நிறுத்து. நான் பட்டவன், அதனால சொல்றேன்.

துபாய்ல தெரிஞ்ச பையன் ஒருத்தன் நாப்பது கிலோவுக்கு யூஎஸ்டிடில காசு அனுப்பினான். வாங்கிட்டேன். அத ரூபாயாக்க பி2பின்னு ஒண்ணு இருக்குல்ல, எவனோ ஒருத்தன் நம்ம அக்கவுண்ட்டுக்கு யூபிஐல காசு போடுவான், நாம காயின விட்டுடணும். காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச் ஆப்ல இருக்குற ரேட்ட விட ரெண்டு ரூபா கூட கிடைச்சுது, மூஞ்சில சிரிப்பு. பதினோரு நாள் கழிச்சு கொட்டை வாங்குற வியாபாரிக்கு காசு போடலாம்னு பாத்தா போகல. ஜீபே சிவப்பா காட்டுது. பேங்க்ல போயி கேட்டா "டெபிட் ஃப்ரீஸ் சார், வேற ஸ்டேட் சைபர் கிரைம்ல இருந்து லெட்டர்"ன்றாங்க. என்னன்னா எனக்கு காசு போட்டவன் அத எங்கயோ ஒரு பெரியவர ஏமாத்தி எடுத்திருக்கான், அவரு சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்திருக்காரு, காசு எந்தெந்த கைக்கு போச்சோ அத்தன அக்கவுண்ட்டும் வரிசையா லாக். திருடன் காயினோட போயிட்டான், முந்திரி வித்த நான் மாட்டினேன்.

சம்பந்தப்பட்ட தொகை முப்பத்தெட்டாயிரம் சொச்சம், ஆனா மொத்த அக்கவுண்ட்டையும் அடைச்சிட்டாங்க, சீசன் நேரம், உடைக்கிற பொம்பளைங்களுக்கு வாரக்கூலி குடுக்கணும், வீட்டம்மா வளையல வெச்சுதான் குடுத்தேன். வக்கீல், மெயில், பில்லு, சாட் ஸ்கிரீன்ஷாட், அது இதுன்னு நாலு மாசம். அந்த ரெண்டு ரூபா லாபம் இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

ஆடிட்டர்_இல்ல_அசிஸ்டென்ட்:

பாண்டில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினாலு வருஷமா இருக்கேன். இந்த கேள்வியோட இப்ப மாசத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. 2018 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க், கிரிப்டோ ஆளுங்களுக்கு பேங்க் சேவை குடுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டாங்க. 2020 மார்ச் 4ந்தேதி சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. அதனால தடை இல்ல. ஆனா சட்டப்படி செல்லுபடியாகுற பணமும் இல்ல. வரி மட்டும் 2022ல இருந்து நல்லா போடுறாங்க.

வரிய ஒரு கணக்கா பாருங்க. உங்களுக்கு வந்த காயின் அன்னைக்கு மதிப்பு ஒரு லட்சம்னு வைங்க, அந்த ஒரு லட்சம் சாதாரண வியாபார வருமானம், பொம்மை வித்த கணக்கு. பத்து நாள் கழிச்சு 1,01,200க்கு விக்கிறீங்க, அந்த 1,200க்கு 30 சதவீதம் 360, அதுக்கு மேல 4 சதவீதம் செஸ். எக்ஸ்சேஞ்ச் ஃபீஸ செலவா கழிக்க விடமாட்டாங்க. சரி, அதுவே 98,500க்கு வித்தீங்கன்னா? அந்த 1,500 நட்டம் உங்க நட்டம்தான், பொம்மை லாபத்துலயும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் தூக்கிட்டு போக முடியாது. இது போக விக்கிற தொகைல 1 சதவீதம் டிடிஎஸ் புடிப்பாங்க, அது ரிட்டர்ன்ல திரும்பி எடுத்துக்கலாம், ஆனா கையில இருக்குற காசு அதுவரைக்கும் முடங்கும். இன்னொரு கூத்து, நம்மூர் கஸ்டமரே உங்க சைட்ல காயின் குடுத்து பொம்மை வாங்கினா, சட்டத்து பார்வைல நீங்கதான் காயின வாங்குறவங்க, பொம்மை அதுக்கு விலை. வருஷத்து வரம்ப தாண்டிட்டா அந்த 1 சதவீதத்துக்கு நீங்க பொறுப்பு. வரம்பு சின்ன வியாபாரிக்கு 50,000, மத்தவங்களுக்கு 10,000. பட்டன் வெக்கிறவங்க யாரும் இத யோசிக்கிறதே இல்ல.

ஆனா மேடம், உங்க கேஸ்ல வரி எல்லாம் சின்ன தலைவலி. பெருசு வேற. நீங்க பண்றது ஏற்றுமதி. பார்சல் போறப்ப போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் போடுறீங்கல்ல, அதுல உங்க ஐஇசி ஏறுது. சரக்கு போயிடுச்சுன்னா அதுக்கான காசு வெளிநாட்டுல இருந்து பேங்க் வழியா வந்து சேரணும், அதுக்கு ஃபெமால (அந்நிய செலாவணி சட்டம்) கெடு இருக்கு, ரொம்ப நாளா 9 மாசம், 2025 நவம்பர்ல 15 மாசமா நீட்டினாங்க. வந்த காசையும் போன சரக்கையும் பேங்க்காரங்க ஜோடி சேக்கணும். சேந்தாதான் கணக்கு மூடும்.

இப்ப நீங்க யூஎஸ்டிடிய வாங்கி இங்க ஒரு எக்ஸ்சேஞ்ச்ல வித்தீங்கன்னு வைங்க. ஒழுங்கா எஃப்ஐயூல (பண மோசடிய கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) பதிவு பண்ண எக்ஸ்சேஞ்ச்லயே வித்தீங்கன்னு வைங்க. உங்க அக்கவுண்ட்டுக்கு வர்றது ரீயூனியன் காசு இல்ல. அது சூரத்லயோ இந்தூர்லயோ உக்காந்து காயின் வாங்கினவரோட ரூபா. உள்ளூர் வரவு. பேங்க்ல வெளிநாட்டு காசு வந்ததுக்கான உள்வரவு சான்று கேட்டா குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் முடியாது. பொம்மை போயிடுச்சு, காசும் உங்க கையில இருக்கு, ஆனா ரெக்கார்ட்ல கஸ்டமர் உங்களுக்கு இன்னும் கடன்காரர்! எல்யூடின்னு உறுதிக் கடிதம் போட்டு ஜிஎஸ்டி கட்டாம அனுப்புறீங்க, ரீஃபண்டும் வாங்குறீங்கன்னா, கெடுக்குள்ள காசு வந்ததா காட்டலன்னா வாங்கின ரீஃபண்ட வட்டியோட திருப்பி கேக்க விதி இருக்கு. நாளைக்கு லோனுக்கு போனாலும் எக்ஸ்போர்ட் டர்ன்ஓவர்ல இது ஏறாது.

எழுநூறு ரூபா மிச்சம் பண்ணப் போயி இவ்வளவு.

லாஸ்பேட்டை_பையன்:

அசிஸ்டென்ட் சார் சொன்ன அந்த சூரத் ரூபா விஷயம் எனக்கே இப்பதான் உறைக்குது, நான் எவ்வளவு நாள் டெக்னிக்கலாவே யோசிச்சிட்டு இருந்திருக்கேன்.

அக்கா இன்னொண்ணு. ரீயூனியன் பிரான்ஸோட பகுதிதான், யூரோதான் ஓடுது. ஐரோப்பால கிரிப்டோவுக்குன்னு மைகா சட்டம் வந்தப்புறம் பெரிய எக்ஸ்சேஞ்சுங்க அங்க இருக்குறவங்களுக்கு யூஎஸ்டிடி வாங்கி விக்கிறத 2025 மார்ச்சுக்குள்ள நிறுத்திட்டாங்க. அதனால அவரு அத கையில வெச்சிருக்காருன்னா பழைய ஸ்டாக்கா இருக்கலாம், வேற எங்கயாவது வாங்கினதாவும் இருக்கலாம். தப்பான ஆளுன்னு சொல்லல. கேட்டுப் பாருங்க, அவ்வளவுதான். தேவைக்கு மேல அனுப்பிட்டு "கூட போயிடுச்சு, மிச்சத்த இந்த அட்ரஸுக்கு திருப்பி போடுங்க"ன்னா மட்டும் உடனே கைய எடுத்துடுங்க.

வில்லியனூர்பொம்மை:

ஐயோ, நல்லவேளை அட்ரஸ் குடுக்கறதுக்குள்ள கேட்டேன். முந்திரி அண்ணன் கதைய வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டினேன், தம்பிய கூப்பிட்டு அந்த ஆப்ப அழிக்க சொல்லிட்டாரு, அவன் மூஞ்ச தூக்கி வெச்சிட்டு போயிட்டான். சரி, அப்ப பேபால்தான் கதியா? கழிவு கம்மியா வேற வழி இருக்கா?

ஆடிட்டர்_இல்ல_அசிஸ்டென்ட்:

இருக்கு. 2023 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் எல்லை தாண்டின பேமென்ட் அக்ரிகேட்டர்னு தனி விதி கொண்டு வந்தாங்க, அதுல அனுமதி வாங்கின கம்பெனிங்க உங்க பேருக்கு ஒரு யூரோ அக்கவுண்ட் நம்பர் குடுப்பாங்க. கஸ்டமருக்கு அது உள்ளூர் டிரான்ஸ்ஃபர் மாதிரி, செபா (ஐரோப்பா பேங்குங்களுக்குள்ள யூரோ அனுப்புற முறை) வழியா போடுவாரு, அங்க பேங்க்ல இப்ப இன்ஸ்டன்ட் டிரான்ஸ்ஃபருக்கு சாதாரண டிரான்ஸ்ஃபர விட கூட வாங்கக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு, அதனால அவரு கேக்குற அஞ்சு நிமிஷமும் கிடைச்சுடும். உங்களுக்கு ரூபாயா வரும், உள்வரவு சான்றும் வரும். காசு எதுக்கு வருதுன்னு பேங்குக்கு சொல்ற பர்ப்பஸ் கோடு, முன்பணமா வாங்குறீங்கன்னா பி0103, சரக்கு போனப்புறம்னா பி0102. பேர் எதுவும் நான் சொல்லல, அனுமதி இருக்கான்னு நீங்களே பாத்துட்டு, ரெண்டு மூணு இடத்துல கழிவையும் எக்ஸ்சேஞ்ச் ரேட்டையும் சேத்து கேளுங்க, ஃபீஸ் சைபர்னு சொல்லிட்டு ரேட்ல அடிப்பாங்க.

வில்லியனூர்பொம்மை:

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. அவருகிட்ட ஓப்பனா சொன்னேன், எங்க ஊர்ல இப்படி வாங்கினா ஏற்றுமதி கணக்குல ஏறாதுன்னு. பாவம் அவரு நல்ல மனுஷன்தான், பேரன் 2021ல வாங்கி வெச்சதாம், அது சும்மா கிடக்குதேன்னு கேட்டாராம். யூரோவா பாதி அட்வான்ஸ் 925 போட்டுட்டாரு, மறுநாளே ரூபா வந்துடுச்சு, கழிவு பேபால்ல போனதுல பாதி கூட இல்ல. சைட்ல பட்டன் வெக்கிற ஐடியாவ விட்டாச்சு.

இப்ப பிரச்சனை வேற. மூணு நாளா மானம் மூடிக்கிட்டு கிடக்கு, தசாவதாரம் செட்டு ஆறு இன்னும் ஈரமாவே இருக்கு, அச்சுல இருந்து எடுத்ததுல கூர்மம் ரெண்டு முதுகுல வெடிப்பு விட்டிருக்கு. காய்ஞ்சாதான் சுண்ணாம்பு பூசி பெயிண்ட் அடிக்க முடியும்.

கடலூர்_முந்திரி:

எங்க ஓடிலயும் இதே மூட்டம்தான். பேக்கிங்குக்கு பத்து கிலோ முந்திரி அட்டைப்பெட்டி அஞ்சு அடுக்கு போட்டது காலியா என்கிட்ட இருக்கு தங்கச்சி, பொம்மைக்கு நல்லா தாங்கும். செவ்வாக்கெழம பாண்டிக்கு சரக்கு போடுற வண்டி வருது, எத்தன வேணும்னு சொல்லு, வில்லியனூர் கோயில்கிட்ட எறக்கிட சொல்றேன்.